யாருக்கு எந்த அட்டை? ஒரு வேலூர்க் குடும்பத்தின் மருத்துவக் காப்பீட்டுக் கணக்கு

மேல்விஷாரத்தில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் பதினேழு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். சம்பளப் பட்டியல், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சந்தா எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் சொந்தத்தில் யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவு என்றால் முதலில் எனக்குத்தான் தொலைபேசி வரும். இந்தப் பொங்கலுக்கு மறுநாள் வேலூர் சைதாப்பேட்டையில் மாமா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். சாப்பிட்டு முடித்ததும் மாமா ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தார். ஒரு முகவர் எழுதிக் கொடுத்தது. மாமா, மாமி, கல்லூரியில் படிக்கும் மகள் மூவருக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய்க்குக் காப்பீடு, ஆண்டுப் பிரீமியம் 31,000.

"வாங்கலாமா, வேண்டாமா? நீ சொல்லும்மா."

நான் வாய் திறப்பதற்குள் குடியாத்தத்திலிருந்து வந்திருந்த பெரியப்பா மகன் சொன்னார்: "எதற்கு மாமா இவ்வளவு பணம்? முதலமைச்சர் அட்டை வாங்கிவிடுங்கள். அம்மாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோது எங்களுக்கு ஒரு பைசா செலவில்லை." அவருடைய மருமகன் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். "எனக்குச் சம்பளத்திலேயே பிடிக்கிறார்கள். அதுவே போதும்" என்றார் அவர்.

அண்ணன் சொன்னது அண்ணனுக்குச் சரி. மருமகன் சொன்னது மருமகனுக்குச் சரி. இரண்டுமே மாமாவுக்குப் பொருந்தாது. எந்தப் பாலிசி நல்லது என்று நாம் ஊரெல்லாம் விசாரிக்கிறோம். நம் வீட்டில் யாருக்கு என்ன உரிமை ஏற்கெனவே இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது போக மிச்சமிருக்கும் ஓட்டையை அடைக்க மட்டும் பணம் கொடுத்தால் போதும்.

வேலூர்க்காரர்களான நமக்கு ஒரு தைரியமும் உண்டு. கூப்பிடு தூரத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, நமக்கென்ன கவலை என்று. வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் பெட்டி படுக்கையோடு காட்பாடியில் வந்து இறங்குகிறவர்களைப் பார்க்கும்போது அந்தத் தைரியம் இன்னும் கூடிவிடும். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது அந்தக் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சி.எம்.சி. நாட்டில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முதன்முதலாக வெற்றி பெற்றது 1971இல் அங்கேதான். பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் பக்கத்தில் இருப்பதால் நமக்கு மிச்சமாவது ரயில் டிக்கெட்டும் லாட்ஜ் வாடகையும்தான். சிகிச்சைக்கான பணத்தை நாம்தான் புரட்ட வேண்டும்.

முதலில் மருமகன். அவருடைய சம்பளம் 17,000 ரூபாய். மாதம் 21,000 வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. அவர் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், அதாவது மாதம் 128 ரூபாய். முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். இந்தப் பணத்துக்கு அவர், மனைவி, பிள்ளைகள், அவரையே நம்பியிருக்கும் பெற்றோர் எல்லோருக்கும் சிகிச்சை கிடைக்கிறது. சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. ஏற்கெனவே இருக்கும் நோய் என்று ஒதுக்குவதும் கிடையாது. தனியார் மருத்துவப் பாலிசிகள் பொதுவாகத் தராத ஒன்றும் இதில் உண்டு. உடம்பு முடியாமல் வேலைக்குப் போகாத நாட்களுக்கு, தேவையான சந்தா நாட்கள் இருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். கூலி நின்றுபோவதுதானே தொழிலாளி வீட்டில் முதல் அடி.

குறை இல்லாமல் இல்லை. நினைத்த ஆஸ்பத்திரியில் நேராகப் போய்ப் படுத்துக்கொண்டு பில்லை நீட்ட முடியாது. முதலில் தன்னுடைய மருந்தகத்துக்கு, பிறகு ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு, அங்கே வசதி இல்லையென்றால் ரெஃபரல் கடிதத்தோடு வெளியே. இதில் நாட்கள் போகும், நடை அதிகம். அதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறு. குடும்பத்தினரின் பெயரையே சேர்க்காமல் ஐந்தாண்டு, ஆறாண்டு சந்தா கட்டியவர்களை என் மேசை முன்னால் பார்த்திருக்கிறேன். மனைவிக்குப் பிரசவ வலி எடுத்த அன்று ஆதார் நகலோடு ஓடி வருவார்கள். மருமகனிடம் அட்டையை வாங்கிப் பார்த்தேன். அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. அண்ணன் மகளின் பெயர் இல்லை. "போதும்" என்று அவர் சொன்ன காப்பீடு அந்த நிமிடம் வரை அவருக்கு மட்டும்தான் போதுமானதாக இருந்தது.

இன்னும் இரண்டு விஷயங்களை ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடித் தொழிலாளர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சம்பளம் 21,000ஐத் தாண்டினால், அந்தச் சந்தாக் காலம் முடியும் வரைதான், அதாவது செப்டம்பர் கடைசி அல்லது மார்ச் கடைசி வரைதான், சந்தா பிடிப்பார்கள். சம்பள உயர்வு வந்த சந்தோஷத்தில் இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டால் சில மாதங்களில் வீட்டில் யாருக்கும் எந்தக் காப்பும் இருக்காது. உயர்வு வரும் என்று தெரிந்த மாதமே வேறு ஏற்பாட்டைத் தொடங்கிவிட வேண்டும். இன்னொன்று, குறைந்தது ஐந்தாண்டு ஈ.எஸ்.ஐ.யில் இருந்து வயது முடிந்து ஓய்வு பெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் துணைவருக்கும் சிகிச்சை தொடரும். நான் சொன்ன பிறகும் பலர் நம்பாமல் திரும்பக் கேட்கிறார்கள். நூற்று இருபதுதான், ஆண்டுக்குத்தான்.

அடுத்து அண்ணன். லுங்கி நெய்கிறார். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். பிரீமியத்தை அரசே கட்டிவிடுகிறது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்து, 2012 ஜனவரியில் இந்தப் பெயரில் விரிந்து, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடும் இணைந்தது. சேர்ந்து இத்தனை ஆண்டு கழித்துத்தான் இந்த நோய்க்குப் பணம் என்று சொல்லும் காத்திருப்புக் காலம் இதில் இல்லை. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ எத்தனை ஆண்டாக இருந்தாலும் தடையில்லை. அட்டைக்குத் தகுதியுள்ள குடும்பம் தனியார் பாலிசிக்குப் பணம் கட்ட வேண்டிய தேவையே இல்லை என்பது என் முடிவு. அந்தப் பணம் வீட்டில் இருக்கட்டும்.

ஆனால் இந்த அட்டைக்கும் எல்லை உண்டு. பட்டியலில் இருக்கும் சிகிச்சைக்கு, பட்டியலில் இருக்கும் மருத்துவமனையில்தான் செல்லும். ஒரு மருத்துவமனை பட்டியலில் இருப்பதாலேயே அங்கே உள்ள எல்லாப் பிரிவுகளிலும் அட்டை செல்லும் என்று நினைத்துவிடக் கூடாது. சிறுநீரகப் பிரிவில் செல்லும் அட்டை எலும்பு முறிவுப் பிரிவில் செல்லாமல் போகலாம். படுக்கையில் சேர்வதற்கு முன் காப்பீட்டுத் திட்ட மேசையில், "இந்த டாக்டர் சொல்லும் இந்த ஆபரேஷனுக்கு இந்த அட்டை செல்லுமா?" என்று நேராகக் கேட்டுவிட வேண்டும். 1800 425 3993 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். வெளிநோயாளியாகப் போய் மாத்திரை வாங்கும் செலவுக்கு அட்டை உதவாது.

அட்டை எடுப்பதைத் தள்ளிப்போடுவதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு. கிராம நிர்வாக அலுவலர் வழியாக வருமானச் சான்று, ரேஷன் கார்டு, எல்லோருடைய ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு குடியாத்தத்துக்காரர் வேலூரில் சத்துவாச்சாரிக்கும், ஆம்பூர்க்காரர் திருப்பத்தூருக்கும், மேல்விஷாரத்துக்காரர் ராணிப்பேட்டைக்கும் போக வேண்டும். நோயாளியை வார்டில் படுக்க வைத்துவிட்டு வருமானச் சான்றுக்கு அலைவது கொடுமை. உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்து வையுங்கள்.

இனி மாமா. வயது 52. சைதாப்பேட்டையில் மளிகைக் கடை. வருமானம் 1,20,000ஐத் தாண்டுகிறது, அதனால் முதலமைச்சர் அட்டை கிடையாது. சம்பளக்காரர் இல்லை, அதனால் ஈ.எஸ்.ஐ. கிடையாது. ஆறு ஆண்டாகச் சர்க்கரை. இப்படி இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தனியார் பாலிசி. இங்கேதான் நிதானம் வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நாம் நம் பணத்தைப் போடுகிறோம்.

எல்லோரும் முதலில் பார்ப்பது எத்தனை லட்சம் என்பதை. நான் முதலில் பார்ப்பது அறை வாடகை வரம்பை. ஆற்காட்டில் இருக்கும் என் சித்திக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் பித்தப்பைக் கல்லுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பாலிசி 3 லட்சம். மொத்த பில் 1,80,000. பாலிசித் தொகைக்குள்தானே இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தார்கள். டிஸ்சார்ஜ் அன்று சித்தப்பா கையிலிருந்து கட்டியது 76,000 ரூபாய். என்னைத்தான் அழைத்தார்கள். பில்லை வரிவரியாகப் பிரித்துப் பார்த்தேன்.

அவர்கள் பாலிசியில் அறை வாடகை, காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000. சித்தியை வைத்திருந்த அறை நாளுக்கு 6,000. ஐந்து நாளைக்கு வித்தியாசம் 15,000 ரூபாய், அதைக் கட்டிவிடலாம் என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். பாலிசியின் கணக்கு வேறு. தகுதிக்கு மேற்பட்ட அறையை எடுத்தால், அறையின் தரத்தை ஒட்டிக் கூடும் மற்றக் கட்டணங்களும் அதே விகிதத்தில் வெட்டப்படும். அறுவை மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், அறுவை அரங்கு, செவிலியர் எல்லாம் சேர்ந்து 1,10,000. அதில் பாதி, 55,000 போயிற்று. அறையில் 15,000 போயிற்று. மருந்து, உபகரணங்கள் 40,000இல் விகித வெட்டு இல்லை. ஆனால் கையுறை போன்ற பொருள்களுக்கான 6,000ஐ நிறுவனம் ஏற்கவில்லை. மூன்றையும் கூட்டினால் 76,000. சித்தி 3,000 ரூபாய் அறையில் இருந்திருந்தால் அந்த 6,000 மட்டும்தான் கையிலிருந்து போயிருக்கும். அறையைத் தேர்ந்தெடுத்தபோது சேர்க்கை மேசையில் இதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. அவர்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

ஆகவே மாமாவிடம் நான் சொன்ன முதல் நிபந்தனை, அறை வாடகைக்கு வரம்பு இல்லாத பாலிசி. குறைந்தபட்சம் "தனி அறை" என்று சொல்லால் எழுதியிருக்க வேண்டும், ரூபாயாலோ சதவீதத்தாலோ எழுதியிருக்கக் கூடாது. 10 லட்சம் என்று போட்டு அறைக்கு வரம்பு வைத்த மலிவான பாலிசியைவிட, வரம்பில்லாத 5 லட்சம் பாலிசி மேல். இரண்டாவது, ஒவ்வொரு பில்லிலும் 20 சதவீதம் நீங்கள் கட்ட வேண்டும் என்பது போன்ற பங்குச் செலவு நிபந்தனை வேண்டாம். பிரீமியம் குறைவாகத் தெரிவதற்குப் பல நேரம் அதுதான் காரணம்.

மூன்றாவது, சர்க்கரை. முகவர் மாமாவிடம், "அதை எழுத வேண்டாம், பிரீமியம் கூடிவிடும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லியிருந்தார். மாமாவும் தலையாட்டியிருந்தார். இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். ஆஸ்பத்திரியில் சேர்ந்த உடனே பயிற்சி மருத்துவர் வந்து, "சர்க்கரை இருக்கிறதா, எத்தனை வருஷமாக?" என்று கேட்பார். வலியில் இருக்கும் நாமோ நம் மனைவியோ வாய்க்கு வந்ததைச் சொல்வோம், "அது ஒரு பத்து வருஷமாக இருக்கிறது" என்று. அது நோயாளிப் பதிவேட்டில் ஏறிவிடும். காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்டு வாங்குவது அந்தப் பதிவேட்டைத்தான். மறைத்தது தெரிந்தால் கோரிக்கையையும் நிராகரிக்கலாம், பாலிசியையும் ரத்து செய்யலாம். உள்ளதை எழுதிவிட்டால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் மூன்று ஆண்டுதான். 2024 ஏப்ரலுக்கு முன் நான்காக இருந்தது. இடைவெளி இல்லாமல் ஐந்தாண்டு பிரீமியம் கட்டிய பிறகு, மோசடி என்று நிரூபித்தால் தவிர, பழைய விவரத்தைக் காட்டி அவர்கள் மறுக்க முடியாது. உண்மையை எழுதுகிறவருக்குச் சட்டம் இவ்வளவு பாதுகாப்புத் தருகிறது. சில நூறு ரூபாய் பிரீமியத்துக்காக அதை விட்டுக்கொடுப்பதா? பதிவேட்டில் எழுதும்போதும் ஆண்டைச் சரியாகச் சொல்லுங்கள். முதல் பரிசோதனைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

"அப்படியென்றால் மூன்று வருஷம் சும்மா கட்ட வேண்டுமா? அந்த 31,000ஐ வங்கியில் போட்டால் என்னம்மா?" என்று கேட்டார் மாமா. நியாயமான கேள்விதான். கடைக்காரர், பணத்தின் அருமை தெரிந்தவர். ஐந்தாண்டில் 1,55,000 ரூபாயும் வட்டியும் சேரும். எந்த நோயும் வராவிட்டால் அது அவர் பணம். ஆனால் நோய் ஐந்தாம் ஆண்டு முடியட்டும் என்று காத்திருக்குமா? இரண்டாவது ஆண்டில் மாமிக்கு ஒரு பெரிய ஆபரேஷன் என்றால் கையில் இருப்பது 62,000. மிச்சத்துக்கு நகை அடகுக் கடைக்குப் போகும். சீட்டுப் பணமும் அப்படித்தான், எடுக்கும் மாதமும் நோய் வரும் மாதமும் ஒன்றாக அமைவதில்லை. காத்திருப்புக் காலம் மாமாவின் சர்க்கரைக்கும் அதனால் வரும் நோய்களுக்கும்தான். கல், குடலிறக்கம், கண்புரை, மூட்டு மாற்று போன்றவற்றுக்கும் பெரும்பாலான பாலிசிகளில் இரண்டாண்டு நிறுத்தி வைப்பார்கள். விபத்துக்கு முதல் நாளே உண்டு. மற்ற நோய்களுக்கு 30 நாள் கழித்து உண்டு. அதனால் பாலிசியையும் எடுத்து, காத்திருப்புக் காலம் முடியும் வரை மாதம் 3,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போடச் சொன்னேன். மூன்று ஆண்டில் ஒரு லட்சத்துக்கு மேல் சேர்ந்துவிடும். பாலிசி கைவிடும் இடத்தில் அந்தப் பணம் நிற்கும்.

5 லட்சம் இன்றைக்குப் போதுமா என்பது அடுத்த சந்தேகம். புற்றுநோய், பைபாஸ் போன்றவற்றுக்குப் போதாமல் போகலாம். அதற்காக அடிப்படைப் பாலிசியையே 15 லட்சத்துக்கு உயர்த்த வேண்டியதில்லை. முதல் 5 லட்சத்துக்கு மேல் ஆகும் செலவை மட்டும் ஏற்கும் சூப்பர் டாப்-அப் பாலிசி குறைந்த பிரீமியத்தில் கிடைக்கிறது. வெறும் டாப்-அப்பை வாங்கிவிடாதீர்கள். ஒரே ஆண்டில் ஒருமுறை 4 லட்சம், இன்னொரு முறை 3 லட்சம் செலவானால், டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகப் பார்த்து 5 லட்சத்தைத் தாண்டவில்லை என்று கைவிரித்துவிடும். சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டி 7 லட்சம் என்று பார்த்து 2 லட்சத்தைத் தரும்.

முகவர் எழுதிய 31,000இல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்திருந்தது. தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரி இல்லை. பழைய தாளை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். வரியைக் கழித்தால் 26,300 ரூபாய்க்குள் வந்துவிடுகிறது. மிச்சத்தில் சூப்பர் டாப்-அப்புக்கு நல்ல பங்கு வரும். வருமான வரிக் கழிவை முகவர்கள் பெரிதாகச் சொல்வார்கள். புதிய வரி முறையில் இருப்பவருக்குப் பிரீமியத்துக்கான அந்தக் கழிவு கிடையாது, அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

கம்பெனி தரும் குழுக் காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை செய்யும் பிள்ளைகள் பெற்றோரையும் அதில் சேர்க்க முடிந்தால் கட்டாயம் சேர்க்கட்டும். பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே பழைய நோய்க்கும் செல்லும். வேலை போனால் அதுவும் போகும், ஆகவே அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

மாமா வீட்டில் பாட்டிக்கு 74 வயது. அந்த வயதில் தனியார் பாலிசி எடுப்பது மாமாவின் கடைக்குத் தாங்காது. 70 வயது நிறைந்த எல்லோருக்கும் வருமானம் பாராமல் 5 லட்சம் ரூபாய் என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு ஆயுஷ்மான் திட்டத்தை விரித்தது. பாட்டியின் ஆதாரை வைத்து அதில் பதியச் சொன்னேன். எந்த மருத்துவமனை அதை ஏற்கிறது என்பதை நேரில் கேட்டு ஒரு தாளில் எழுதி வைக்கவும் சொன்னேன்.

கோரிக்கையை மறுத்துவிட்டால் வாய்மூடி இருந்துவிடக் கூடாது. காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்துக்கே முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை.

இவ்வளவு பேசிய பிறகு மாமி ஒரு கேள்வி கேட்டார். "மாசம் மாசம் இவருக்கு மாத்திரைக்கே ஆகிறதே, அதை எந்த அட்டை தரும்?" அன்று கேட்கப்பட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. மாமாவின் பாலிசியில் அதற்கு இடமில்லை. படுக்கையில் சேர்ந்தால்தான் காப்பீடு. ஆனால் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து இலவசமாகத் தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும். வெளியில் வாங்குவதென்றால் முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ அதே மருந்தை அதன் மூலப்பெயரைச் சொல்லிக் கேட்டால் விலை வெகுவாகக் குறையும். மாமா வாங்கும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தோம். பெரிய எழுத்தில் கம்பெனிப் பெயர், கீழே சிறிய எழுத்தில் மெட்ஃபார்மின். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றிக்கொள்ளச் சொன்னேன்.

மாலையில் மாமா புதிய விண்ணப்பத்தை எடுத்துச் சர்க்கரை என்ற இடத்தில் "ஆம், ஆறு ஆண்டுகள்" என்று தன் கையாலேயே எழுதினார். மருமகன் மனைவியின் ஆதாரைப் படம் எடுத்து அவருடைய கம்பெனிக் கணக்கருக்கு அனுப்பினார். அண்ணனின் அட்டையை வாங்கிப் பார்த்தபோது அண்ணியின் பெயர் அதில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருந்தது. இத்தனை நாள் யாரும் கவனிக்கவில்லை. வரும் திங்கட்கிழமை நான் அரை நாள் விடுப்பு போட்டிருக்கிறேன். அண்ணனும் அண்ணியும் ரேஷன் கார்டோடு சத்துவாச்சாரிக்கு வந்துவிடுவார்கள்.